வான்கோழிக்கு வெளியே வேகும் ஸ்டஃபிங்

அமெரிக்காவின் நன்றி நவிலும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் அன்று, விருந்து மேசையில் எனக்கு வான்கோழி இரண்டாம்பட்சம்தான். வருஷத்துக்கு ஒரு தடவை அதைச் சுட்டு, மார்புக்கறி வறண்டுபோக, கிரேவியை ஊற்றி ஒப்பேற்றுகிற வீடுகள்தான் அதிகம். பக்கத்தில் கண்ணாடி டிரேயில் இருக்கும் ரொட்டிப் பண்டம் அப்படியில்லை. மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று ஈரம், வெண்ணெயும் சேஜ் என்ற மூலிகையும் கலந்த வாசனை. எங்கள் வீட்டில் முதலில் காலியாவது அந்த டிரேதான்.

பாஸ்டன் பக்கம் குடியிருந்தபோது அதை ஸ்டஃபிங் என்றார்கள். இப்போது அட்லாண்டாவுக்கு வெளியே இருக்கிறோம், இங்கே டிரெஸ்ஸிங். வடக்கே கோதுமை ரொட்டியில் செய்வார்கள், தெற்கே சோள ரொட்டியில். மற்றபடி சாமான்கள் ஒன்றேதான்: வெங்காயம், செலரி, மூலிகை, வெண்ணெய், ஸ்டாக் (கறியையோ காய்கறியையோ கொதிக்கவைத்து வடித்த சாறு), முட்டை. இரண்டையும் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவருகிறதோ அதைச் செய்யுங்கள். கூட்டம் பெரியதென்றால் இரண்டையும் செய்யுங்கள்.

முதலில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பறவையின் வயிற்றுக்குள் அடைப்பதா, தனி டிரேயில் சுடுவதா? நான் தனி டிரே கட்சி. காரணம் ருசி மட்டும் இல்லை. அடைத்த ஸ்டஃபிங் பறவையின் பச்சைச் சாற்றைக் குடித்துக்கொண்டே வேகிறது. அதன் நடுப்பகுதி 165 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 74 செல்சியஸை எட்டினால்தான் சாப்பிடலாம் என்பது அமெரிக்க வேளாண்துறையின் விதி. சால்மொனெல்லா கிருமிக்குப் பயந்துதான் இந்தக் கணக்கு. ஆனால் சூடு கடைசியாகப் போய்ச் சேரும் இடமே அந்த வயிற்றின் நடுதான். அங்கே 165 வருவதற்குள் மார்புக்கறி தாண்டிப்போய்விடும். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று கெடும்.

எங்களைப் போன்ற வீடுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்துப் பேர் சாப்பிட உட்கார்ந்தால் நாலு பேராவது சைவம். என் மாமியார் முட்டைகூடத் தொடமாட்டார். பறவைக்குள் வெந்ததை அவர்கள் தட்டில் வைக்க முடியாது. தனி டிரே என்றால் காய்கறி ஸ்டாக்கில் ஒன்று, கோழி ஸ்டாக்கில் ஒன்று என்று அடுப்பில் ஏற்றிவிடலாம். அல்லது எல்லாருக்குமாக ஒரே சைவ டிரே வைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். அதில் கறி இல்லை என்று இதுவரை யாரும் குறைப்பட்டதில்லை.

ரொட்டியைக் காயவைப்பது

இதில்தான் பாதி வெற்றி. 450 கிராம், அதாவது ஒரு பவுண்டு ரொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வெள்ளை சாண்ட்விச் ரொட்டியே போதும். ஃபிரெஞ்சு லோஃப் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் கடி இருக்கும். சவர்டோவின் புளிப்பு எனக்குப் பிடிக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்காது. ஹாலா, பிரியோஷ் இரண்டும் மிக மென்மை, ஆனால் அவற்றில் முட்டை உண்டு என்பதைச் சைவ விருந்தாளிகளுக்காக நினைவில் வையுங்கள். ஓரத்தை வெட்டி எறிய வேண்டாம், அதில்தான் ருசி. முக்கால் அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள், அல்லது கையால் பிய்த்துப் போடுங்கள். பிய்த்துப் போட்டால் மேடுபள்ளமாக இருக்கும், மேல்பக்கம் நன்றாக முறுகும்.

நாலு நாள் பழைய ரொட்டி இருக்கிறது, அதுவே போதாதா என்று கேட்பார்கள். போதாது. பழைய ரொட்டி கெட்டியாவது ஈரம் போனதால் மட்டும் இல்லை. அதன் மாவுச்சத்து மறுபடி இறுகிப்போவதுதான் பெரிய காரணம், உள்ளே ஈரம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ஸ்டாக் உள்ளே போக வேண்டுமென்றால் அந்த ஈரம் வெளியே போயிருக்க வேண்டும். அதனால் ரொட்டி புதுசோ பழசோ, ஓவனில் காயவைத்தே ஆக வேண்டும். 250 ஃபாரன்ஹீட், அதாவது 120 செல்சியஸில், இரண்டு பெரிய டிரேக்களில் நெருக்கம் இல்லாமல் பரப்பி 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம். நடுவில் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். நிறம் மாறத் தேவையில்லை. ஒரு துண்டை ஆறவைத்து உடைத்தால் நடுவிலும் படக்கென்று உடைய வேண்டும். ஆறியதும் துணிப்பையிலோ காகிதப் பையிலோ போட்டு வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

ஸ்டாக்

கடையில் டப்பாவாக வாங்குவதானால் உப்புக் குறைந்தது என்று எழுதியிருப்பதை எடுங்கள். ரொட்டியில் உப்பு, ஸ்டாக்கில் உப்பு, மேலே ஊற்றும் கிரேவியில் உப்பு என்று எல்லாம் கூடிப்போகும். வெண்ணெயையும் உப்பில்லாததாக வாங்குங்கள்.

வீட்டில் வைப்பதென்றால் வான்கோழிக்குள்ளேயே ஒரு சின்னப் பை இருக்கும், கழுத்தும் இரைப்பையும் ஈரலும் அதில் வரும். ஈரலைத் தனியே எடுத்துவிடுங்கள், ஸ்டாக்கில் போட்டால் கசக்கும். மற்றதை ஒரு வெங்காயம், கேரட், செலரியோடு இரண்டு மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டால் ஆயிற்று.

சைவ ஸ்டாக்குக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். டப்பாவில் வரும் காய்கறி ஸ்டாக் பலதும் கேரட்டின் இனிப்போடு இருக்கிறது. நான் செய்வது இப்படி. இரண்டு வெங்காயம், இரண்டு கேரட், இரண்டு செலரித் தண்டு, ஒரு தக்காளியைக் கொஞ்சம் எண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்குவேன். பழுப்பு நிறம் வந்தால்தான் சாறுக்கு ஆழம் வரும். ஒரு கைப்பிடி காய்ந்த ஷிடாக்கே காளான், பிரிஞ்சி இலை, பத்து மிளகு, ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், இரண்டு லிட்டர் தண்ணீர். முக்கால் மணி நேரம் கொதித்தால் வடிகட்டலாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் தண்டெல்லாம் மிச்சம் இருக்கிறதே என்று இதில் போட்டுவிடாதீர்கள், கந்தக வாடை வரும். ஊறிய காளானை எறியாமல் பொடியாக நறுக்கி வெங்காயத்தோடு வதக்கிச் சேர்த்துவிடுங்கள்.

வடக்கத்திப் பாணி: கோதுமை ரொட்டி

இந்த அளவு 9க்கு 13 அங்குல டிரே ஒன்றுக்குச் சரியாக இருக்கும், எட்டிலிருந்து பத்துப் பேர் சாப்பிடலாம். கப் என்று சொல்வதெல்லாம் 240 மில்லி அமெரிக்கக் கப்.

காயவைத்த ரொட்டி ஒரு பவுண்டு, வெண்ணெய் ஒரு ஸ்டிக் (113 கிராம்), நடுத்தர வெங்காயம் இரண்டு, செலரித் தண்டு நாலு (இலையோடு), சேஜ் பொடியாக நறுக்கியது இரண்டு மேசைக்கரண்டி, தைம் இலை ஒரு மேசைக்கரண்டி, பார்ஸ்லி ஒரு கைப்பிடி, மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், முட்டை இரண்டு, ஸ்டாக் இரண்டரையிலிருந்து மூன்று கப்.

வெண்ணெயில் முக்கால் பங்கை அகலமான சட்டியில் உருக்கி, வெங்காயத்தையும் செலரியையும் உப்போடு போட்டு நடுத்தரத் தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வதக்குங்கள். நம் குழம்புக்குச் செய்வதுபோல் சிவக்க வைக்க வேண்டாம். கண்ணாடி பதம் வந்து, செலரி பல்லில் கடிபடாமல் மெத்தென்று ஆனால் போதும். செலரி அரைவேக்காடாக இருந்தால் டிரேயில் போன பிறகு வேகாது, கடைசிவரை கறுக் கறுக்கென்றே இருக்கும். மூலிகைகளைப் போட்டு ஒரு நிமிஷம் கிளறி, வாசனை எழும்பியதும் இறக்குங்கள்.

சேஜ் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பண்டத்தின் வாசனையே அதுதான், அதற்குப் பதில் வேறு எதுவும் கிடையாது. கற்பூரவல்லி போட்டுப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், அது வேறு திசைக்குப் போய்விடும். பச்சை இலை கிடைக்காவிட்டால் காய்ந்த சேஜ் இரண்டு டீஸ்பூன் போடலாம். அதிகமானால் மருந்து வாடை அடிக்கும், கவனம். பாஸ்டன்காரர்கள் பெல்ஸ் சீசனிங் என்று மஞ்சள் டப்பாவில், மேலே நீல வான்கோழிப் படம் போட்டது ஒன்றை வாங்குவார்கள். 1867இலிருந்து விற்கிறது. ரோஸ்மேரி, ஓரிகானோ, சேஜ், இஞ்சி, மார்ஜோரம், தைம், மிளகு எல்லாம் அரைத்துக் கலந்தது. உப்புக் கிடையாது. தனித்தனியாக வாங்கப் பொறுமை இல்லாதவர்கள் அதில் இரண்டு டீஸ்பூன் போட்டால் வேலை முடிந்தது.

வதக்கியதை ரொட்டியோடு பெரிய பாத்திரத்தில் கலந்து, ஸ்டாக்கில் இரண்டு கப் ஊற்றிப் புரட்டிப் பத்து நிமிஷம் விடுங்கள். இங்கேதான் அவசரம் கூடாது. ஊற்றியவுடன் பார்த்தால் போதாதது போலத் தெரியும், இன்னும் ஊற்றத் தோன்றும். பொறுத்திருந்து ஒரு துண்டை விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் காய்ந்த கொட்டை மாதிரித் தட்டினால் இன்னும் அரைக் கப் ஊற்றலாம். நசுக்கும்போது முழுதும் மெத்தென்று இருந்து, பாத்திரத்தின் அடியில் சாறு தேங்காமல் இருந்தால் அதுதான் பதம். எந்த ரொட்டி எவ்வளவு குடிக்கும் என்று அளவு எழுத முடியாது, கைதான் சொல்லும். ருசி பார்ப்பதை இப்போதே பாருங்கள், முட்டை சேர்ப்பதற்கு முன்னால். உப்புச் சரியென்றால் முட்டையை அடித்து, ஆறிய கலவையில் கலக்குங்கள். சூடாக இருந்தால் முட்டை திரிந்து பொடிப்பொடியாகிவிடும்.

டிரேயில் வெண்ணெய் தடவி, கலவையை அழுத்தாமல் தளர்வாகப் பரப்பி, மிச்ச வெண்ணெயை மேலே துண்டு துண்டாக வையுங்கள். 350 ஃபாரன்ஹீட்டில் (சுமார் 175 செல்சியஸ்) ஃபாயில் மூடி அரை மணி, பிறகு மூடியை எடுத்துவிட்டு இருபது நிமிஷம். மேலே பொன்னிறம் வந்து ஓரம் சுருண்டு, நடுவில் வெப்பமானியைக் குத்தினால் 165 காட்ட வேண்டும்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு: ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்துக் கலக்கலாம். அதுவும் இல்லாமல் விட்டால் பெரிய நஷ்டம் இல்லை, வெட்டி எடுக்க வராது, உதிரியாக இருக்கும், அவ்வளவுதான்.

முதல் தடவை சாப்பிடும் நம் ஆட்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான், இது பிரெட் உப்புமாதானே என்று. பாதி சரி. உப்புமாவில் ரொட்டியை வாணலியில் புரட்டி எடுத்துவிடுகிறோம், இங்கே ரொட்டி சாற்றைக் குடித்து ஓவனில் வெந்து ஒன்றாகச் சேர்கிறது. அதற்காகக் கடுகு தாளிக்கப் போய்விடாதீர்கள். கரம் மசாலா, மல்லித்தூள் எதற்கும் இதில் இடமில்லை, சேஜின் வாசனையை அமுக்கிவிடும். காரம் வேண்டுமென்றால் மிளகைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தெற்கத்திப் பாணி: சோள ரொட்டி

இதை எனக்குச் சொல்லித்தந்தது பக்கத்து வீட்டு அம்மா. தெற்கு ஜார்ஜியாவில் பிறந்து வளர்ந்தவர். அளவுக் கப் அவர் வீட்டிலேயே கிடையாது, நான்தான் பின்னால் அளந்து எழுதினேன். அவருடைய முதல் சட்டம், ரொட்டியில் சர்க்கரை போடக் கூடாது. கடையில் கிடைக்கும் ரெடிமேட் கார்ன்பிரெட் மிக்ஸ் பலதிலும் சர்க்கரை இருக்கும், அதில் டிரெஸ்ஸிங் செய்தால் கேக்கில் வெங்காயம் போட்டதுபோல இருக்கும் என்பார். சிலவற்றில் பன்றிக் கொழுப்பும் இருக்கலாம், சைவக்காரர்கள் டப்பாவின் பக்கவாட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மாவு வாங்கும்போதும் ஒரு எச்சரிக்கை. ஊரில் கார்ன்ஃப்ளோர் என்று சொல்கிறோமே, சூப்புக்குக் கரைத்து ஊற்றும் வெள்ளைப் பொடி, அது இதற்கு ஆகாது. அது வெறும் மாவுச்சத்து. இந்தியக் கடையில் மக்காச்சோள ரொட்டிக்கு விற்கும் மாவும் மிக நைஸ். இங்கே வேண்டியது கார்ன்மீல், மெல்லிய ரவை பதத்தில் இருக்கும். வெள்ளையோ மஞ்சளோ எதுவும் சரி.

இரண்டு கப் கார்ன்மீல், அரைக் கப் மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் பேக்கிங் சோடா, ஒரு டீஸ்பூன் உப்பு. இதில் இரண்டு முட்டை, இரண்டு கப் பட்டர்மில்க் கலந்து ஊற்றுங்கள். கடையில் விற்கும் பட்டர்மில்க் நம் வீட்டு மோர் மாதிரி நீர்த்திருக்காது, கெட்டியாக இருக்கும். வாங்கவில்லை என்றால் ஒன்றரைக் கப் தயிரில் அரைக் கப் தண்ணீர் விட்டு அடித்துக்கொள்ளுங்கள். பத்து அங்குல வார்ப்பிரும்புச் சட்டியை 425 ஃபாரன்ஹீட் (சுமார் 220 செல்சியஸ்) ஓவனில் வைத்துச் சூடாக்கி, நாலு மேசைக்கரண்டி வெண்ணெயை அதில் போட்டு உருகியதும், பாதியை மாவில் விட்டுக் கலந்து, மாவைச் சட்டியில் ஊற்றினால் சுர்ரென்று சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தம் வந்தால்தான் அடிப்பக்கம் முறுகும். இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிஷம். இதை முதல் நாளே செய்து, உதிர்த்து, மூடாமல் வைத்துவிட்டால் காய்ந்துவிடும்.

சோள ரொட்டி மட்டும் போட்டால் மணல் மாதிரி உதிரும், நாலு துண்டு வெள்ளை ரொட்டியையும் காயவைத்துப் பிய்த்துப் போட்டால் பிடிப்பு வரும். வெங்காயம், செலரி, சேஜ், வெண்ணெய் எல்லாம் முன்பு சொன்ன அளவுதான். முட்டை இரண்டு. ஸ்டாக் மட்டும் அதிகம் வேண்டும், மூன்றரையிலிருந்து நாலு கப். இந்தக் கலவை முன்னதைப் போல உதிரித் துண்டுகளாக நிற்கக் கூடாது. கரண்டியில் எடுத்தால் தளர்ந்து விழ வேண்டும், பார்க்கும்போது தண்ணீர் கூடிவிட்டதோ என்று பயம் வர வேண்டும். சோளம் ஓவனிலும் குடித்துக்கொண்டே இருக்கும், கெட்டியாகக் கலந்தால் வெளியே வரும்போது செங்கல்தான். 375 ஃபாரன்ஹீட்டில் (190 செல்சியஸ்) மூடாமல் 45 நிமிஷம்.

ஜார்ஜியா பீக்கான் கொட்டைக்குப் பெயர்போன மாநிலம். ஒரு கைப்பிடி வறுத்து நொறுக்கி இதில் கலந்தால் நன்றாக இருக்கும். வடக்கே ஆப்பிள், செஸ்ட்நட் சேர்ப்பார்கள், மின்னசோட்டாவில் காட்டு அரிசி, லூசியானாவில் சிப்பிச் சதை. கறி சாப்பிடுகிறவர்கள் சேஜ் போட்ட பன்றி சாஸேஜை உதிர்த்து வறுத்துச் சேர்ப்பதுண்டு. எதுவானாலும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காய்ந்த கிரான்பெரி மட்டும் எனக்கு ஆகாது. மேசையில் கிரான்பெரி சாஸ் ஒரு கிண்ணம் நிறைய இருக்கும்போது இதற்குள்ளும் எதற்கு?

எப்போது எதைச் செய்வது

1941இல் சட்டம் வந்ததிலிருந்து தேங்க்ஸ்கிவிங் நவம்பரின் நாலாவது வியாழன். புதன்கிழமை மாலை கடைக்குப் போனால் சேஜ் இருக்காது, செலரி இருந்தால் அதிர்ஷ்டம். ஞாயிற்றுக்கிழமையே வாங்கிவிடுங்கள். திங்கள், செவ்வாயில் ரொட்டியைக் காயவைத்து ஸ்டாக்கையும் வைத்துவிடலாம். புதன் இரவு வெங்காயமும் செலரியும் வதக்கி, ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஆனால் ஈரத்தையும் ரொட்டியையும் கலப்பது வியாழக்கிழமை, ஓவனுக்குள் போகும் முன்புதான். முட்டையும் ஸ்டாக்கும் சேர்த்த பச்சைக் கலவையை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம் என்கிறது வேளாண்துறை. ஒரு பெரிய டிரே குளிர நேரமாகும், அதற்குள் கிருமிக்கு இடம் கொடுத்துவிடுவோம்.

ஓவன் ஒன்றுதான் இருக்கிறது, அதை வான்கோழி பிடித்துக்கொண்டிருக்கிறதே என்று தவிக்க வேண்டாம். பறவையை வெளியே எடுத்ததும் வெட்டக் கூடாது, சாறு உள்ளே அடங்க அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் விட வேண்டும். அந்த இடைவெளிதான் நம் டிரேக்கு. பறவை வெளியே, ஸ்டஃபிங் உள்ளே. கிரேவி செய்து முடிப்பதற்கும் அது முறுகி வருவதற்கும் சரியாக இருக்கும்.

நேரமே இல்லாதவர்களுக்கு ஸ்டவ் டாப் என்ற ரெடிமேட் ஸ்டஃபிங் டப்பா இருக்கிறது. ஜெனரல் ஃபுட்ஸ் கம்பெனியில் ரூத் சீம்ஸ் என்ற பெண்மணியின் கைவண்ணத்தில் உருவாகி 1972இல் கடைக்கு வந்தது. ரொட்டித் துணுக்கின் அளவைச் சரியாகப் பிடித்ததுதான் அவருடைய சாமர்த்தியம். ரொம்பச் சின்னதாக இருந்தால் கூழாகும், பெரிதாக இருந்தால் ஊறாது. ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது போதும். அதையே கொஞ்சம் தேற்ற வேண்டுமென்றால் வெண்ணெயில் வதக்கிய வெங்காயமும் செலரியும் கலந்து டிரேயில் போட்டுப் பத்து நிமிஷம் ஓவனில் காட்டுங்கள்.

எதிர்பாராமல் வறண்டுபோனால் அரைக் கப் சூடான ஸ்டாக்கைத் தெளித்து, ஃபாயில் மூடிப் பத்து நிமிஷம் உள்ளே வையுங்கள். சொதசொதவென்று ஆகிவிட்டால் அகலமான தட்டையான டிரேக்கு மாற்றி, மூடாமல் 400 ஃபாரன்ஹீட்டில் (சுமார் 200 செல்சியஸ்) பதினைந்து நிமிஷம். பரப்பு அதிகமானால் ஈரம் சீக்கிரம் போகும்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாலு நாள் இருக்கும். வெள்ளிக்கிழமை காலை நான் அதை உருட்டித் தட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுப்பேன், மேலே ஒரு பொரித்த முட்டை. வாஃபிள் இயந்திரம் இருந்தால் அதில் அழுத்தினாலும் நன்றாக வரும். கலவை உதிர்ந்தால் ஒரு மேசைக்கரண்டி ஸ்டாக் தெளித்துக்கொள்ளுங்கள். மாமியாருடைய சைவ டிரேயில் மிச்சம் இருந்தால் அதற்கு எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொள்வார். அதில் நான் தலையிடுவதில்லை.